குடிகார டாக்டர் எங்கிருந்து வந்தார்?

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு க்ரைம் எபிசோட் பார்ப்பது எங்கள் வீட்டில் பல வருஷப் பழக்கம். போன மாதம் பழைய அமெரிக்கத் தொடரான 'லா அண்ட் ஆர்டரை' முதலிலிருந்து ஆரம்பித்தோம். 1990 செப்டம்பர் 13 அன்று என்.பி.சி. சேனலில் வந்த முதல் எபிசோட் அது. படமாக்கியதில் முதல் இல்லை, ஒளிபரப்பியதில் முதல். ஒரு இளம்பெண் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு வருகிறாள், அங்கேயே இறந்துபோகிறாள். போலீஸ் விசாரிக்கிறது. கடைசியில் ஒரு பெரிய டாக்டர் மாட்டுகிறார். அன்றைக்கு அவர் குடித்திருந்தார். அரசு வழக்கறிஞர் அவரைக் கோர்ட்டில் நிறுத்துகிறார்.

டிவியை அணைக்கும்போது மனைவி கேட்டாள்: "ஏங்க, இது நிஜமா நடந்ததா?"

இந்த மாதிரி ஒரு கேள்வி காதில் விழுந்தால் எனக்குத் தூக்கம் போச்சு. லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். அன்றைக்கு ஆரம்பித்த தேடல் மூன்று வாரம் ஓடி, இந்தக் குறிப்பில் வந்து நிற்கிறது.

சின்ன பதில்: நடந்தது. இளம்பெண் நிஜம், ஆஸ்பத்திரி நிஜம், சாவு நிஜம். அந்தக் குடிகார டாக்டர் மட்டும் நிஜம் இல்லை. அவரைக் கதாசிரியர்கள் உண்டாக்கினார்கள். ஏன் உண்டாக்க வேண்டியிருந்தது என்பதுதான் பெரிய பதில். அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

1984, நியூயார்க்

பெண்ணின் பெயர் லிபி சயன். வயது 18, கல்லூரி மாணவி. 1984 மார்ச் 4 இரவு, கடும் காய்ச்சலும் உடல் உதறலுமாக மன்ஹாட்டனில் உள்ள நியூயார்க் ஹாஸ்பிட்டலுக்கு வந்தார். மன அழுத்தத்துக்காக அவர் ஏற்கெனவே 'ஃபினெல்சின்' என்ற மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உதறலை நிறுத்த ஆஸ்பத்திரியில் 'பெத்திடின்' ஊசி போட்டார்கள். இந்த இரண்டும் உடலில் ஒன்றாகச் சேரக்கூடாத மருந்துகள். இன்றைக்கு மருந்துச் சீட்டு எழுதும் சாஃப்ட்வேரில் இந்த ஜோடியைப் போட்டால் சிவப்பு எச்சரிக்கை வரும். அன்றைக்கு அந்த வசதி இல்லை, இந்த ஆபத்து எல்லா மருத்துவர்களுக்கும் தெரிந்திருக்கவும் இல்லை.

அவரைப் பார்த்துக்கொண்டவர் படிப்பு முடித்த முதல் வருஷத்தில் இருந்த ஒரு பயிற்சி மருத்துவர். அன்று இரவு அவர் பொறுப்பில் சுமார் 40 நோயாளிகள். லிபியின் நிலை மோசமாகி, படுக்கையில் திமிற ஆரம்பித்தபோது, வேறு நோயாளிகளிடம் இருந்த அந்த மருத்துவர் போனிலேயே உத்தரவு கொடுத்தார்: கட்டிப்போடுங்கள், மயக்க ஊசி போடுங்கள். விடிகாலையில் உடல் வெப்பம் 107 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஏறியது. இதயம் நின்றுபோனது. மார்ச் 5 காலை லிபி உயிரோடு இல்லை.

அப்பா சிட்னி சயன் வழக்கறிஞர், பத்திரிகையாளரும்கூட. 'இது கொலை' என்றே அவர் சொன்னார். விடாமல் எழுதினார், விடாமல் தட்டினார். 1986ல் அரசு வழக்கறிஞர் ராபர்ட் மார்கன்தாவ் இந்த விஷயத்தை கிராண்ட் ஜூரி முன் வைத்தார். கிராண்ட் ஜூரி என்பது பொதுமக்களிலிருந்து எடுத்த ஒரு குழு. ஒருவர் மேல் குற்ற வழக்குப் போட ஆதாரம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த கிராண்ட் ஜூரி எந்த டாக்டர் மேலும் குற்றம் சாட்டவில்லை. ஆனால் சும்மா கலைந்து போகவும் இல்லை. பயிற்சி மருத்துவர்களைத் தொடர்ந்து இத்தனை மணி நேரம் வேலை வாங்குவதையும், மேலே ஒரு மூத்த மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் அவர்களை விட்டுவிடுவதையும் கண்டித்து ஓர் அறிக்கை கொடுத்தது. அந்தக் காலத்தில் பயிற்சி மருத்துவர்கள் 36 மணி நேரம் ஒரே மூச்சாக வேலை செய்வதும், வாரம் 100 மணி நேரம் தாண்டுவதும் சாதாரணம். அறிக்கைக்குப் பிறகு டாக்டர் பெர்ட்ரண்ட் பெல் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்தது. 1989ல் நியூயார்க் மாநிலம் விதி கொண்டுவந்தது: வாரத்துக்கு 80 மணி நேரம், ஒரே மூச்சில் 24 மணி நேரம், அதற்கு மேல் கூடாது. 2003ல் 80 மணி நேர வரம்பு அமெரிக்கா முழுக்கப் பயிற்சி மருத்துவர்களுக்கு வந்தது.

ஆக, ஊரும் சட்டமும் ஐந்து வருஷம் போராடி வந்து சேர்ந்த இடம் இது: தப்பு ஏற்பாட்டில் இருக்கிறது. விதி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, டிவியில் இதே கதை வந்தது. அதில் தப்பு ஒரு மனுஷன் கையிலிருந்த கிளாஸில் இருந்தது.

அட்டை போட்டால் போதுமா?

'நிஜச் சம்பவத்தை இப்படி மாற்றலாமா, கேஸ் போட மாட்டாங்களா?' என்று கேட்கலாம். நானும் கேட்டேன்.

நிஜ வழக்கை டிவியில் காட்டுவது அமெரிக்காவில் டிவி அளவுக்கே பழசு. 'டிராக்னெட்' 1949ல் ரேடியோவில் தொடங்கி, 1951 கடைசியில் டிவிக்கு வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் தன் வழக்குகளைக் கொடுத்தது, ஜாக் வெப் தயாரித்து அவரே சார்ஜென்ட் ஜோ ஃபிரைடேயாக நடித்தார். ஒவ்வொரு எபிசோட் ஆரம்பத்திலும் ஒரு அறிவிப்பு வரும். கதை உண்மை, அப்பாவிகளைக் காப்பாற்றப் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறோம் என்பது அதன் சாரம். கடைசியில் குற்றவாளிக்கு என்ன தண்டனை என்றும் சொல்வார்கள். கதையைப் போலீஸ் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் படமாகும். 1982ல் வெப் இறந்தபோது, அவர் கதாபாத்திரம் அணிந்த 714 என்ற பேட்ஜ் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அந்தப் போலீஸ் துறையே ஒதுக்கி வைத்தது. உறவு அவ்வளவு நெருக்கம்.

'லா அண்ட் ஆர்டர்' நேர் எதிர். நேற்றைய செய்தித்தாளிலிருந்து கதை என்று விளம்பரத்தில் ஜாடை காட்டுவார்கள். எபிசோடிலோ, இது கற்பனை, எந்த நிஜ ஆளையும் குறிக்காது என்று அட்டை வரும். ஒன்று உண்மை என்று சத்தியம் பண்ணியது, இன்னொன்று பொய் என்று சத்தியம் பண்ணியது. செய்ததென்னவோ இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலைதான்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? அமெரிக்கச் சட்டப்படி நடந்த சம்பவத்துக்கு யாரும் காப்புரிமை கொண்டாட முடியாது. கோர்ட் ஆவணத்தை எடுத்து யார் வேண்டுமானாலும் கதை எழுதலாம். இறந்தவர்கள் சார்பாக மானநஷ்ட வழக்கும் போட முடியாது. உயிரோடு இருக்கிறவர், 'அது நான்தான் என்று பார்க்கிறவங்களுக்குத் தெரியுது, நான் செய்யாத தப்பை என் தலையில் கட்டியிருக்காங்க' என்று காட்டினால்தான் சிக்கல்.

அப்படி ஒருவர் காட்டவும் செய்தார். 2003ல் புரூக்ளினில் ஒரு நீதிபதி லஞ்ச விவகாரத்தில் கைதானார். அந்தச் சமயத்துச் செய்திகளில் ரவி பாத்ரா என்ற இந்திய வம்சாவளி வழக்கறிஞரின் பெயரும் அடிபட்டது, ஆனால் அவர் மேல் எந்தக் குற்றச்சாட்டும் வரவில்லை. அதே வருஷக் கடைசியில் 'லா அண்ட் ஆர்டரில்' நீதிபதிக்கு லஞ்சம் கொடுக்கும் ஒரு வழக்கறிஞர் வந்தார். பெயர் ரவி படேல். இந்திய வம்சாவளி. தோற்றமும் கிட்டத்தட்ட அதே. பாத்ரா வழக்குப் போட்டார். கற்பனை என்ற அட்டை இருந்தும், பார்ப்பவர்கள் அது பாத்ராதான் என்று நினைக்க இடமிருக்கிறது என்று சொல்லி, 2008ல் நியூயார்க் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தார். இப்படிப்பட்ட வழக்கு அந்தக் கட்டம் வரை போவதே அபூர்வம்.

இதிலிருந்து கதாசிரியர்கள் கற்கும் பாடம் என்ன? ஆளை மாற்று, பெயரை மாற்று, ஊரை மாற்று. சட்டம் கேட்பது அவ்வளவுதான். காரணத்தை மாற்றினால் கேட்க ஆளில்லை. களைப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாராயத்தை வைத்தால், எந்தக் கோர்ட்டிலும் யாருக்கும் நஷ்டம் இல்லை.

காலியாக விடமுடியாத கட்டம்

சரி, மாற்றலாம். ஆனால் ஏன் மாற்றவேண்டும்? கதாசிரியர்களுக்குக் கெட்ட எண்ணம் என்று நான் நினைக்கவில்லை. இது வடிவத்தின் பிரச்சினை.

'லா அண்ட் ஆர்டரின்' அமைப்பு எல்லாருக்கும் தெரிந்ததே. முதல் பாதி போலீஸ், இரண்டாம் பாதி கோர்ட். விளம்பரம் போக முக்கால் மணி நேரம். நடுவில் ஒருவர் கைதாக வேண்டும், இல்லையென்றால் இரண்டாம் பாதியே கிடையாது. கோர்ட் என்றால் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். டூட்டி சார்ட்டை அங்கே உட்கார வைத்துக் குறுக்கு விசாரணை பண்ண முடியாது.

என் தொழில் பாஷையில் சொன்னால் இன்னும் எளிது. டேட்டாபேஸில் சில கட்டங்களை 'காலியாக விடக்கூடாது' என்று அமைப்போம். அதில் மதிப்பு இல்லையென்றால் பதிவே உள்ளே போகாது. க்ரைம் எபிசோட் என்ற படிவத்தில் 'குற்றவாளி' அப்படி ஒரு கட்டம். லிபி சயன் வழக்கில் அந்தக் கட்டம் காலி. கிராண்ட் ஜூரியே காலியாக விட்டுவிட்டது. பதிவு உள்ளே போகவேண்டுமே! அதனால் ஒரு மதிப்பைப் போட்டார்கள்: குடிகார டாக்டர்.

அந்த மதிப்பைத் தேர்ந்தெடுத்ததிலும் காரணம் இருக்கிறது. ஃபினெல்சினும் பெத்திடினும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்கப் பத்து நிமிஷம் வேண்டும். குடித்துவிட்டு வைத்தியம் பார்த்தான் என்பது ஒரு ஷாட்டில் புரிந்துவிடும். குடிப்பது அவனவன் முடிவு, அதனால் கோபப்படுவதும் சுலபம். 36 மணி நேரம் தூங்காமல் இருப்பது ஷிஃப்ட் போட்டவர் முடிவு. அவர் திரையிலேயே வரமாட்டார்.

நிஜ கோர்ட்டிலும் இந்த ஈர்ப்பு உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். சயன் குடும்பம் போட்ட நஷ்டஈட்டு வழக்கில் 1995ல் தீர்ப்பு வந்தது. தப்பான மருந்து கொடுத்ததாக டாக்டர்களைப் பொறுப்பாக்கிய ஜூரி, போதைப்பொருள் பயன்படுத்தியதை மறைத்தார் என்று லிபி மேலும் ஒரு பங்கைப் போட்டது. ஒரே ஒரு பயிற்சி மருத்துவரிடம் 40 பேரை விட்டது ஆஸ்பத்திரியின் அலட்சியம்தான் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த அலட்சியம் சாவுக்கு நேரடிக் காரணம் இல்லை என்றும் சொல்லிவிட்டது.

உண்மைப் பெயர் போட்டால்?

பெயரை மாற்றாமல் அப்படியே எடுத்தால் இந்தச் சிக்கல் தீருமா? தீரவில்லை. 2019 மே மாதக் கடைசியில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'வென் தே சீ அஸ்' அதற்கு உதாரணம். நாலு பாகம், இயக்கம் ஏவா டுவர்னே. 1989ல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஓடப்போன ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்ட வழக்கு. கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களைச் சேர்ந்த ஐந்து சிறுவர்களை மணிக்கணக்கில் விசாரித்து, வாக்குமூலம் வாங்கி, சிறைக்கு அனுப்பினார்கள். 2002ல் வேறொருவன் நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டான், டி.என்.ஏ.வும் பொருந்தியது. ஐந்து பேர் மேலிருந்த தண்டனையும் ரத்தானது. 2014ல் நியூயார்க் நகரம் 4.1 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. அவர்கள் நிரபராதிகள் என்பதில் சட்டப்படி ஒரு சந்தேகமும் இல்லை.

தொடரும் நல்ல தொடர்தான், ஒரே ராத்திரியில் நாலு பாகத்தையும் பார்த்தேன். அதில் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் பாலியல் குற்றப் பிரிவுத் தலைவராக இருந்த லிண்டா ஃபேர்ஸ்டீன் நிஜப் பெயரோடு வருகிறார். பார்க்கிறவர்களின் கோபம் முழுக்க அவர் மேல்தான் போகும். 2020ல் அவர் வழக்குப் போட்டார், மற்றவர்கள் செய்ததையும் சொன்னதையும் தன் மேல் ஏற்றிவிட்டார்கள் என்று. 2023 செப்டம்பரில் நீதிபதி கெவின் காஸ்டல் ஐந்து காட்சிகளைப் பொறுத்தவரை வழக்கை ஜூரி முன் கொண்டுபோகலாம் என்றார்.

அந்தத் தீர்ப்பில் அவர் சொன்னதன் சாரத்தைப் படித்தபோது, மூன்று வாரமாக நான் தேடிக்கொண்டிருந்ததை யாரோ எழுதி வைத்திருப்பது போல இருந்தது. ஒரு பெரிய அமைப்பின் அநியாயத்துக்கு ஒற்றை முகமாக ஃபேர்ஸ்டீனை வில்லியாக்க முடிவு செய்த பிறகு, அதற்கு ஏற்றபடி சம்பவங்களைப் பின்னோக்கி 'ரிவர்ஸ் இன்ஜினியரிங்' செய்ததற்கு ஆதாரம் இருக்கிறது என்றார். தொடரை உருவாக்கியவர்கள் சேர்த்து வைத்த ஆராய்ச்சிக் குறிப்புகளிலேயே அதற்கு ஆதரவு இல்லையாம்.

2024 ஜூனில், விசாரணை தொடங்குவதற்கு முன் சமரசம் ஆனது. நெட்ஃபிளிக்ஸ், தப்பான தண்டனைகளை எதிர்த்து வேலை செய்யும் இன்னசன்ஸ் புராஜெக்ட் அமைப்புக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தது. ஃபேர்ஸ்டீனுக்குப் பணம் இல்லை. நாடகத்துக்காகச் சில மாற்றங்கள் செய்திருக்கிறோம் என்ற அட்டை தொடரின் முடிவிலிருந்து ஆரம்பத்துக்கு நகர்ந்தது.

ஃபேர்ஸ்டீன் தவறே செய்யாதவர் என்று நான் சொல்லவரவில்லை. எனக்கு உறைத்தது வேறு. விசாரித்த போலீஸ்காரர்கள், வழக்கை நடத்தியவர்கள், வாக்குமூலத்தை நம்பிய ஜூரி, அந்தப் பையன்களைப் பற்றிக் கண்டபடி எழுதிய பத்திரிகைகள் என்று அத்தனை பேர் கை வைத்த வழக்கு அது. ஒரு முகத்தில் கோபத்தைக் கொட்டியதும் மற்றவர்கள் நம் நினைவிலிருந்து நழுவிவிடுகிறார்கள்.

ஒரு கம்ப்யூட்டர் வில்லனாக வந்த கதை

அமைப்பின் தப்பை டிவியில் காட்டவே முடியாதா? முடியும். 2024 ஜனவரி 1 முதல் 4 வரை, பிரிட்டனின் ஐ.டி.வி. சேனலில் நாலு ராத்திரி ஓடிய 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் த போஸ்ட் ஆபீஸ்' அதைச் செய்தது. எழுதியவர் குவினெத் ஹியூஸ். நிஜப் பெயர்கள், நிஜ வழக்கு.

1999லிருந்து பிரிட்டிஷ் தபால் நிலையங்களில் 'ஹொரைசன்' என்ற கணக்கு சாஃப்ட்வேரைப் போட்டார்கள். செய்து கொடுத்தது ஃபுஜிட்சு. அங்கே சப்-போஸ்ட்மாஸ்டர் என்பவர் நம் ஊர் மாதிரி அரசு ஊழியர் இல்லை. ஒப்பந்தத்தில் கிளையை நடத்துபவர், கணக்கில் துண்டு விழுந்தால் தன் கைப்பணத்தைப் போட்டுக் கட்ட வேண்டியவர். சாஃப்ட்வேர் இல்லாத துண்டுகளைக் காட்டியது. போஸ்ட் ஆபீஸ் நிர்வாகம் மெஷின் சரி, மனுஷன்தான் திருடன் என்றது. 1999க்கும் 2015க்கும் நடுவில் 900 பேருக்கு மேல் தண்டனை பெற்றார்கள். அதில் சுமார் 700 வழக்கைப் போட்டது போஸ்ட் ஆபீஸே.

இதற்குச் சட்டமும் துணை நின்றது. கம்ப்யூட்டர் ஆதாரம் கொடுப்பவர், அந்தக் கம்ப்யூட்டர் ஒழுங்காக வேலை செய்தது என்று முதலில் காட்டவேண்டும் என 1984 சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதை 1999ல் கொண்டுவந்த சட்டம் நீக்கியது. அதற்குப் பிறகு, மெஷின் சரியாகத்தான் இருந்திருக்கும் என்பதே கோர்ட்டின் அனுமானம். தப்பு என்று காட்டும் பாரம், உள்ளே என்ன ஓடுகிறது என்றே பார்க்க முடியாத கடைக்காரர் தலையில். இருபது வருஷத்துக்கு மேல் கோட் எழுதிய எனக்கு இது படிக்கவே பயமாக இருந்தது.

இந்தத் தொடர் அமைப்பை எப்படிக் காட்டியது என்று கவனித்தேன். ஜோ ஹாமில்டன் ஹெல்ப்லைனில் பேசிக்கொண்டே, அவர்கள் சொன்னபடி பட்டனை அமுக்குகிறார். கண் முன்னாடியே துண்டு இரட்டிப்பாகிறது. எதிரில் வில்லன் இல்லை, ஒரு திரை மட்டும். அப்புறம் ஒவ்வொருவரிடமும் ஹெல்ப்லைன், உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை என்று சொல்கிறது. தனித்தனியாக அதைக் கேட்ட ஆட்கள் ஓர் ஊர் மண்டபத்தில் கூடும்போதுதான் கதை திறக்கிறது. ஒரே மாதிரி தப்பு பல பேருக்கு நடந்தால் அது ஆளின் தப்பாக இருக்க வாய்ப்பில்லை. இதைப் பாடம் எடுக்காமலே பார்ப்பவருக்குப் புரியவைத்துவிட்டார்கள்.

2019லேயே உயர்நீதிமன்றம் ஹொரைசனில் கோளாறு இருந்தது என்று தீர்ப்பளித்துவிட்டது. 2021ல் மேல்முறையீட்டில் ஒரே நாளில் 39 பேரின் தண்டனை ரத்தானது. ஆனாலும் மொத்தமாக ரத்து செய்யும் சட்டத்தை அரசு அறிவித்தது தொடர் முடிந்து ஒரு வாரத்துக்குள். 2024 மே 24ல் அது சட்டமானது.

இதிலும் ஒரு முகம் வந்தது. நிர்வாகத் தலைவராக இருந்த பாலா வெனெல்ஸின் அரச விருதைப் பறிக்கச் சொல்லி 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. அவரே திருப்பித் தருவதாக அறிவித்தார். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அமைப்பின் தப்பு என்றால் யார் மேலும் தப்பில்லை என்று அர்த்தம் இல்லை. ஃபுஜிட்சுவிலிருந்தபடியே கிளைக் கணக்குக்குள் கை வைக்க முடியாது என்று போஸ்ட் ஆபீஸ் வருஷக்கணக்காகச் சாதித்தது. முடிந்தது. அப்படிச் சாதித்தவர்களுக்குப் பெயர் உண்டு, பொறுப்பும் உண்டு. அமைப்பைப் பார்ப்பது என்றால், கையில் அகப்பட்ட ஆளோடு நிறுத்தாமல் மேலே போய்த் தேடுவது.

நான் நிரப்பிய கட்டம்

சில ஹொரைசன் கோளாறுகளுக்கு, அவை கண்டுபிடிக்கப்பட்ட கிளையின் பெயரையே வைத்தார்கள். 2015ல் வெளியே வந்த ஒன்று, ஸ்காட்லாந்தின் டால்மெல்லிங்டன் கிளையின் பெயரில் இருக்கிறது. திரை உறைந்துபோகும், ஊழியர் திரும்பத் திரும்ப என்டர் கீயை அமுக்குவார், ஒரே தொகை பல தடவை பதிவாகிவிடும். இதைப் படித்ததும் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டேன்.

பதினைந்து வருஷத்துக்கு முன், ஒரு கம்பெனியில் நான் டீம் லீடாக இருந்தேன். மாதக் கடைசி பில்லிங் ஸ்கிரிப்ட் ராத்திரி ஓடவேண்டும். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமே ஆன ஒரு தம்பி ஆன்-காலில் இருந்தான். முந்தின நாள் காலையிலிருந்து வீட்டுக்கே போகவில்லை. விடிகாலை மூன்று மணிக்கு ஸ்கிரிப்ட் பாதியில் நின்ற மாதிரி தெரிந்தது. நிற்கவில்லை, திரைதான் உறைந்திருந்தது. அவன் மறுபடி ஓட்டினான். சில ஆயிரம் வாடிக்கையாளர்களுக்கு இரட்டை பில் போனது.

காலையில் கிளையன்ட்டோடு மீட்டிங். முதல் கேள்வி: "யார் பண்ணது?" ஐந்தாறு விநாடி யாரும் பேசவில்லை. நான் அவன் பெயரைச் சொன்னேன்.

இரண்டாவது தடவை ஓட்டினால் தடுக்க அந்த ஸ்கிரிப்டில் ஒன்றுமே இல்லை. ரிலீஸுக்கு முன் அதை ரெவியூ பண்ணி ஓகே சொன்னது நான். அவனைத் தொடர்ந்து இரண்டாவது ராத்திரிக்கு ஆன்-காலில் போட்டதும் நான். அன்று நான் சொன்ன பெயர் பொய் இல்லை, என்டர் அமுக்கியது அவன்தான். கேட்டவர்களுக்கும் அது போதுமானதாக இருந்தது. மீட்டிங் இருபது நிமிஷத்தில் முடிந்தது. அவனைப் புராஜெக்டிலிருந்து எடுத்தார்கள், மூன்று மாதத்தில் வேலையை விட்டுப் போனான்.

எட்டு மாதம் கழித்து, வேறொருவர் ஷிஃப்டில், அதே ஸ்கிரிப்ட் மறுபடி இரண்டு தடவை ஓடியது. அவர் பத்து வருஷ அனுபவசாலி, நன்றாகத் தூங்கி எழுந்து வந்தவர். அப்புறம்தான் உட்கார்ந்து, இந்த மாதத்துக்கு ஏற்கெனவே பில் போட்டாயிற்றா என்று பார்க்கும் ஒரு சோதனையைச் சேர்த்தோம். ஆறு வரி கோட்.

மனைவியிடம் லிபி சயன் கதையையும் டாக்டர் எங்கிருந்து வந்தார் என்பதையும் சொன்னேன். பில்லிங் கதையையும் சொன்னேன். பதினைந்து வருஷத்தில் அவளிடம் சொன்னதே இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தத் தம்பிகிட்ட சொன்னீங்களா?" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் நம்பரைத் தேடிப் பிடித்தேன். இப்போது வேறு ஊரில், ஒரு டீமுக்கே தலைவர். நடந்ததைச் சொன்னேன், ரெவியூ பண்ணியது நான் என்பதையும். கேட்டுக்கொண்டான். "தெரியும்ணா. ஸ்கிரிப்ட் மேலயே உங்க பேரு இருந்துச்சே" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "அந்த செக் இப்பவாவது போட்டீங்களா?" என்று கேட்டான்.